கோடை நடையில் பூவும் புல்லும் பறவையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்திரை, வைகாசி மாதங்களில் கண்மாய்க்கரைகளும் மேய்ச்சல் தரிசுகளும் காய்ந்து கிடப்பதைப் பார்த்து, மழை பெய்த பிறகு போய்க்கொள்ளலாம் என்று பலர் இருந்துவிடுகிறார்கள். எருக்கும் ஆவாரையும் நெருஞ்சியும் அந்த வெயிலிலும் பூத்திருக்கின்றன. ஆள்காட்டிக் குருவி முட்டையிடும் காலமும் அதுவே. போகிறவர்களோ காலை உணவை முடித்துக்கொண்டு ஒன்பது மணிக்குப் புறப்படுகிறார்கள். அந்நேரத்துக்குள் பறவைகள் நிழல் தேடி ஒதுங்கியிருக்கும். விடியும்போதே நடக்கத் தொடங்கி, வெயில் ஏறுமுன் திரும்பிவிட வேண்டும்.

பூவை மட்டும் பார்த்த மாத்திரத்தில் பெயரைச் சொல்லிவிடுவதுதான் எல்லாத் தவறுகளிலும் பெரியது. தரையோடு படர்ந்த கொடியில் ஐந்து இதழ்களை விரித்து நிற்கும் மஞ்சள் பூவும், சதைப்பற்றான செடியில் குழல்போல் நீண்ட மஞ்சள் பூவும் நெருஞ்சி என்ற ஒரே பெயரால் அழைக்கப்படுவதுண்டு. முன்னது சிறுநெருஞ்சி, அதன் இலை புளிய இலையைப் போலச் சிறு சிறு இலைகளாகப் பிரிந்திருக்கும், காய் முற்றினால் ஐந்து முட்துண்டுகளாக உடையும். பின்னது ஆனைநெருஞ்சி, அதன் இலை பிரியாத ஒற்றை இலை, காய் நான்கு மூலைகளிலும் முள் கொண்டது. ஆனைநெருஞ்சித் தண்டைத் தண்ணீரில் போட்டுக் கலக்கினால் தண்ணீர் எண்ணெய்போல் கொழகொழப்பாகிவிடும். இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவைகூட அல்ல. ஆகவே கைபேசியில் படமெடுப்பவர்கள் பூவோடு நிறுத்தாமல் இலை, காய், தண்டு, முழுச்செடி ஆகியவற்றையும் தனித்தனியே எடுக்க வேண்டும். பூவின் படத்தை மட்டும் கொடுத்துச் செயலி சொல்லும் முதல் பெயரை நம்பிவிடக் கூடாது.

இலையின் அடிப்புறத்தைப் பார்க்கத் தவறுவதும் உண்டு. எருக்கிலையை மெல்லத் திருப்பினால் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளும் மூன்று இணைக் கறுப்புக் கொம்புகளும் கொண்ட புழு இருக்கலாம். அது வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழு. இலையைக் கிள்ள வேண்டாம், எருக்கம்பால் கண்ணில் பட்டால் கண்ணுக்குக் கேடு.

புல் விஷயத்தில் கண்ணைவிட விரல் நம்பகமானது. கோரையைப் புல் என்றே ஊரில் சொல்வார்கள். தண்டை இரு விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள்: மூன்று விளிம்புகள் தட்டுப்பட்டால் அது கோரை, உருண்டையாக, கணுக்களோடு இருந்தால் புல். நடந்து வந்தபின் வேட்டியில் குத்தி நிற்கும் ஊசிப்புல்லின் விதையை எரிச்சலோடு பிடுங்கி எறியாமல் அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், முறுக்கிய வால் மெதுவாகச் சுழன்று பிரிவதைக் காணலாம். அந்தச் சுழற்சியாலேயே விதை மண்ணுக்குள் இறங்குகிறது.

இனப்பெருக்கக் காலத்தில் தலையும் கழுத்தும் சிவந்து வேலியில் நிற்கும் ஆண் ஓணானைப் பச்சோந்தி என்பவர்கள் மிகப் பலர். பச்சோந்தியின் கண்கள் தனித்தனியே சுழலும், வால் சுருளும், நடை மிக மெதுவானது. அதேபோல, சாரை ஆண், நல்லபாம்பு பெண் என்ற நம்பிக்கையும் தவறு; இரண்டும் வெவ்வேறு இனங்கள். பின்னிப் பிணைந்து எழும் சாரைகள் பெரும்பாலும் தமக்குள் மோதும் இரண்டு ஆண்களே. காய்ந்த புல்லுக்குள் கால் வைக்குமுன் கம்பால் தட்டிவிட்டு நடப்பது அவசியம்.

பெயர் தவறினால் திருத்திக்கொள்ளலாம். ஆள்காட்டியின் கூட்டருகே செய்யும் தவறைத் திருத்த முடியாது. வெறுந்தரையில் சரளைக் கற்களுக்கு நடுவே, கல்லின் நிறத்திலேயே, வழக்கமாக நான்கு முட்டைகள் இருக்கும். தலைக்கு மேல் கத்திக்கொண்டே அது சுற்றினால் கூடு பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். பலர் அப்போதுதான் படமெடுக்க நெருங்கிச் செல்கிறார்கள். கோடையில் அது வயிற்று இறகுகளை நீரில் நனைத்துவந்து முட்டைகளின்மேல் அமர்ந்து அவற்றைக் குளிர்விக்கும் பறவை. நாம் நிற்கும்வரை அது இறங்காது, முட்டைகள் வெயிலில் காயும். முட்டைகளை எடுப்பது 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. கத்தல் கேட்டவுடன் நின்று, காலடியைப் பார்த்து, வந்த தடத்திலேயே பின்வாங்கி, அது மீண்டும் தரையில் அமரும்வரை தொலைவிலிருந்து பாருங்கள்.