எஃப்.சி.சி.யில் ஃபோர்பேரன்ஸ் மனு: முதல்முறை டிராஃப்ட் போடுகிறவர்களுக்கு

தண்டையார்பேட்டையில் வீட்டிலிருந்தபடியே அமெரிக்க வக்கீல் அலுவலகங்களுக்கு டிராஃப்ட் தயார் செய்து கொடுக்கிறேன். பாதிக்கு மேல் டெலிபோன் கம்பெனி வேலைதான். சட்டம் படித்துவிட்டு நைட் ஷிப்டில் இந்த வேலைக்கு வந்த தம்பி தங்கைகள் ரெண்டு மூணு பேர், அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யில் ஃபோர்பேரன்ஸ் மனுவை (ஒரு விதியை அமல்படுத்தாமல் விடச் சொல்லும் மனு) எப்படி டிராஃப்ட் செய்வது என்று ஒரே கேள்வியைக் கேட்டதால், நான் அடிபட்டுக் கற்றதை இங்கே எழுதி வைக்கிறேன். கையெழுத்து, பொறுப்பு எல்லாம் அங்கே இருக்கும் வக்கீலுக்கு. ஆனால் டிராஃப்டில் ஓட்டை இருந்தால் அவர் கையிலும் அது ஓட்டைதான். இணையத்தில் மனுவை ஏற்றுவது எப்படி, பக்க எண் போடுவது எப்படி என்பதை விட்டுவிடுகிறேன், அது தானாக வந்துவிடும்.

முதலில் பெயர்க் குழப்பம். நம் ஊர் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயும் ஃபோர்பேரன்ஸ் என்ற சொல்லைப் பயன்படுத்தும், அங்கே அதற்கு அர்த்தம் செல்போன் கட்டணத்தைக் கம்பெனிகளே வைத்துக்கொள்ளலாம் என்பது. நாம் பேசுவது அதை அல்ல. அமெரிக்காவின் 1934 தகவல் தொடர்புச் சட்டத்தில் 1996-இல் 10-ஆம் பிரிவைச் சேர்த்தார்கள். ஊரில் ஒரே கம்பெனியின் லைன் மட்டும் இருந்த காலத்தில் போட்ட விதிகள், கேபிளும் செல்போனும் வந்த பிறகும் அப்படியே கிடந்தன. அதனால் "இந்த விதியை என்மேல் அமல்படுத்தாதீர்கள்" என்று கம்பெனியே மனு போட வழி வைத்தார்கள். சாதாரண விலக்கு, அதாவது வெய்வர் கேட்டால் ஆணையம் தான் போட்ட விதியை மட்டும்தான் தளர்த்த முடியும். ஃபோர்பேரன்ஸில் நாடாளுமன்றம் போட்ட சட்டப் பிரிவையே அமல்படுத்தாமல் விடச் சொல்லிக் கேட்கலாம். இந்த வித்தியாசம் புரியாமல் டிராஃப்டைத் தொடாதீர்கள்.

மனு ஜெயிக்க மூன்றைக் காட்ட வேண்டும். அந்த விதி இல்லாவிட்டாலும் கட்டணமும் நடைமுறையும் நியாயமாக, பாகுபாடு இல்லாமல் இருக்கும். வாடிக்கையாளரைக் காப்பாற்ற அந்த விதி தேவையில்லை. விதியை விடுவது பொதுநலனுக்கு ஒத்துப்போகும். மூன்றும் வேண்டும், ஒன்று சரிந்தால் மனு சரிந்தது. நிரூபிக்கும் பாரமும் மனு போட்டவர் தலையில்தான்.

இப்போது நான் விழுந்த இடம். முதல் மனுவில் ஃபோர்பேரன்ஸ் கேட்டு, "அது முடியாவிட்டால் வெய்வராவது கொடுங்கள்" என்று அதே ஆவணத்தில் எழுதிவிட்டேன். நம் கோர்ட்டில் மாற்றுக் கோரிக்கை வைப்பது வழக்கம்தானே, அந்தப் பழக்கம். என் மாமா பாரிமுனையில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவர். ஐகோர்ட்டில் கொடுத்த மனுவில் குறை இருந்தால் ரிட்டர்ன் போடுவார்கள், சரிசெய்து திரும்பக் கொடுப்போம் என்று சொல்லிக் கேட்டு வளர்ந்தவன் நான். எஃப்.சி.சி.யில் அப்படி இல்லை. ஃபோர்பேரன்ஸ் மனு தனி ஆவணமாக இருக்க வேண்டும், முகப்பிலேயே அமெரிக்கச் சட்டத் தொகுப்பு 47, பிரிவு 160(சி)-யின் கீழ் ஃபோர்பேரன்ஸ் மனு என்று அடையாளம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதை ஃபோர்பேரன்ஸ் மனுவாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ஆணையம் முடிவெடுக்க வேண்டிய ஒரு வருடக் கெடு ஓடவே ஓடாது. அதுதான் பயங்கரம், ஏனென்றால் கட்சிக்காரர் நாளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என் டிராஃப்டை வாஷிங்டன் வக்கீல் அம்மா கடைசி நாளில் கண்டுபிடித்து இரண்டாகப் பிரிக்கச் சொன்னார், விடிய விடிய உட்கார்ந்து பிரித்தேன். பிரிவு 160 என்பதும் பிரிவு 10 என்பதும் ஒன்றுதான், தொகுப்பில் எண் மாறும், அவ்வளவே.

அந்தக் கெடுவுக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்றால், மனு வந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் ஆணையம் மறுக்காவிட்டால் மனு ஏற்கப்பட்டதாகவே சட்டம் சொல்கிறது. தேவைப்பட்டால் 90 நாள் நீட்டிக்கலாம், அதற்கு மேல் இல்லை. 2006 மார்ச்சில் வெரைசான் கம்பெனியின் பிராட்பேண்ட் மனுவில் அப்போதிருந்த நான்கு உறுப்பினர்களும் இரண்டுக்கு இரண்டு என்று பிரிந்து நின்றார்கள், கெடு முடிந்தது, மனு தானாக ஏற்கப்பட்டது. ஏன் ஏற்றோம் என்று ஆணையத்தின் உத்தரவே கிடையாது. எதிர்தரப்பு கோர்ட்டுக்குப் போனபோது, ஆய்வு செய்ய ஆணையத்தின் செயல் எதுவும் இல்லை என்று 2007-இல் சொல்லிவிட்டார்கள். 2009-இல் ஆணையம் இறுக்கமான நடைமுறை விதிகள் போட்டது, நாம் இன்று படிக்கும் விதி எண் 1.54 முதல் 1.59 வரை அதுதான்.

அடுத்தது விதி 1.54. மனு, தாக்கல் செய்யும்போதே முழுமையாக இருக்க வேண்டும். எந்தப் பிரிவு, எந்த விதி, எந்தக் கம்பெனி, எந்தச் சேவை, எந்தப் பகுதி என்று ஒவ்வொன்றையும் சொல்லியாக வேண்டும். நான் இதை எழுதத் தொடங்கும் முன்பே கால்க் (எக்செல் மாதிரி மென்பொருள்) ஷீட்டில் ஒரு அட்டவணையாகப் போட்டுவிடுவேன். வரிசைக்கு ஒரு விதி, பக்கத்தில் மூன்று சோதனைக்கும் மூன்று கட்டம், கட்டத்தில் ஆதாரத்தின் பக்க எண். கட்டம் காலியாக இருந்தால் அந்த விதியை மனுவிலிருந்து எடுத்துவிடச் சொல்லிக் கேட்பேன். வேர்டில் அட்டவணை போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கஷ்டமாக இருக்கும், ஒரு வரி நகர்ந்தால் எல்லாம் நகரும். பிற்சேர்க்கையில் இந்த வரம்புப் பட்டியலும், சந்தை ஆய்வோடு கூடிய தரவும், பிரமாணப் பத்திரங்களும் போக வேண்டும் என்பதால் இந்த ஷீட் வீணாகாது.

பகுதி என்ற கட்டத்தில் பேராசைப்படாதீர்கள். ஒமாஹா நகரத்துக்காக க்வெஸ்ட் கம்பெனி போட்ட மனுவில், போட்டிக் கம்பெனிகளுக்குத் தன் லைனைப் பிரித்து வாடகைக்குக் கொடுக்கும் கடமையிலிருந்து 2005-இல் கிடைத்த விடுதலை 24 வயர் சென்டரில் (நம் ஊர் எக்ஸ்சேஞ்ச் பகுதி மாதிரி) 9-க்கு மட்டும்தான், கேபிள் கம்பெனியின் சொந்த லைன் போதுமான அளவு ஓடிய இடங்களுக்கு. சென்னை முழுக்க என்று கேட்பதற்கும் தண்டையார்பேட்டை எக்ஸ்சேஞ்ச், பெரம்பூர் எக்ஸ்சேஞ்ச் என்று பிரித்து ஆதாரம் காட்டுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. அதே கம்பெனி ஃபீனிக்ஸுக்குக் கேட்டபோது, சந்தையில் அதன் பலம் இன்னும் குறையவில்லை என்று 2010-இல் மறுத்தார்கள்.

இதே போன்ற நிவாரணத்தை வேறு ஏதாவது நிலுவை வழக்கில் கேட்டிருந்தாலோ அதைப் பற்றி நிலைப்பாடு எடுத்திருந்தாலோ மனுவில் குறிப்பிட வேண்டும். இல்லையென்றால் இல்லை என்று எழுத வேண்டும். வெறுமனே விட்டுவிடக்கூடாது. தாக்கல் செய்யும்போதே ஃபோர்பேரன்ஸுக்கென்று ஆணையம் வைத்திருக்கும் மின்னஞ்சல் முகவரிக்கும் ஒரு பிரதி போக வேண்டும், இதை நிறையப் பேர் மறக்கிறார்கள்.

அப்புறம் பொது அறிவிப்பு வரும், மற்றவர்கள் கருத்து, பதில் கருத்து எழுதுவார்கள். மனு எப்படிப் பார்த்தாலும் அந்த மூன்று சோதனையில் தேறாது என்று எதிர்தரப்பு உடனே தள்ளுபடி கேட்பதும் இந்தக் கட்டத்தில்தான். பதில் கருத்துக்கான கடைசி நாளுக்குப் பிறகு 10 வேலை நாள் வரை மனுவைச் சுருக்கலாம், திரும்பப் பெறலாம். அது தாண்டினால் ஆணையத்தின் அனுமதி வேண்டும். கெடுவுக்கு முந்தைய 14 நாள் முடிவெடுக்கிறவர்களைத் தொடர்புகொள்ளக் கூடாது, அந்த நேரத்தில் "ஒரு சின்ன விளக்கம்" என்று கடிதம் தயார் செய்து அனுப்பிவிடாதீர்கள்.

பிறகு சேர்த்தது: சந்தாதாரர் எண்ணிக்கை போன்ற ரகசியத் தரவை என்ன செய்வது என்று ஒரு தங்கை கேட்டிருந்தாள். பொதுப் பிரதியில் மறைத்து, முழுப் பிரதியைத் தனியாக ரகசியம் கோரிக் கொடுக்க வேண்டும். மறைப்பது என்றால் மேலே கறுப்புக் கட்டம் வரைவதல்ல. அவள் அப்படித்தான் செய்திருந்தாள், எழுத்தைத் தேர்ந்தெடுத்து காப்பி செய்தால் கீழே எல்லாம் வந்தது. நல்லவேளை, தாக்கலுக்கு முன்பே பார்த்துவிட்டோம். ரிடாக்‌ஷன் வசதி உள்ள மென்பொருளிலேயே எழுத்தை அழியுங்கள், அழித்த பிறகு நீங்களே காப்பி செய்து பாருங்கள்.

இன்னொன்று: தாக்கல் நாள் முடியும் வாஷிங்டன் நள்ளிரவு நமக்குக் காலை 9:30, அவர்களுடைய குளிர்காலத்தில் 10:30. மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் இது மாறும். ஒரு தம்பி நவம்பர் கணக்கையே வைத்துக்கொண்டு மார்ச் கடைசியில் காலை 10 மணிக்கு ஃபைலை ஏற்றப் போனான், அங்கே மறுநாள் பிறந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது. நான் இப்போதெல்லாம் முந்தைய நாள் மாலைக்குள் ஏற்றச் சொல்லிவிடுகிறேன். மழை நாளில் எங்கள் தெருவில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது.