செர்ரி இறால் குஞ்சுகள் காணாமல் போனது எதனால்?

கப்பி மீன் குட்டி போடும் என் இரண்டடித் தொட்டியில் பத்து செர்ரி இறால் விட்டேன். கொளத்தூரில் வாங்கியவை. ஒரு மாதத்துக்குள் இரண்டு பெண் இறால்களின் வயிற்றடியில் மஞ்சள் முட்டைகள் தெரிந்தன. குட்டிக் கால்களால் அவற்றை விசிறிக்கொண்டே இருக்கும். பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் போவதே தெரியாது. மூன்று வாரம் கழித்து முட்டைகளைக் காணோம், குஞ்சுகளையும் காணோம். அடுத்த தடவையும் அதே கதை.

கப்பியைத்தான் சந்தேகப்பட்டேன். அது பாதிதான் சரி. பிறந்த இறால் குஞ்சு 2 மில்லிமீட்டர்தான் இருக்கும், கப்பி வாயில் அடங்கிவிடும். ஆனால் ஃபில்டரைக் கழுவத் திறந்தபோது உள்ளே பஞ்சில் நாலைந்து குஞ்சுகள் உயிரோடு ஊர்ந்துகொண்டிருந்தன. மனசு பதறிவிட்டது.

அன்றைக்கே மோட்டார் ஃபில்டரை எடுத்துவிட்டு, குஞ்சுகளை உள்ளே இழுக்காத, ஏர் பம்ப்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் போட்டேன். கழிவைச் சிதைக்கும் நல்ல பாக்டீரியா போய்விடக் கூடாதென்று பழைய பஞ்சையும் சில வாரம் தொட்டியிலேயே விட்டுவைத்தேன். அப்புறம் ஒரு மூலை முழுக்க ஜாவா பாசி என்கிற நீர்ச்செடி வைத்தேன். அதன் அடர்த்திக்குள் பெரிய கப்பி நுழையாது. இறால் குஞ்சுகளுக்கு மேய்ச்சலும் அங்கேயே. கப்பிக் குஞ்சுகளும் அதில் ஒளிந்து தப்பின. நல்லபடியாக நீந்தும் மீன் குஞ்சை இந்த இறால் பிடிக்காது, செத்ததைத்தான் தின்னும். நேற்று ராத்திரி டார்ச் அடித்து இறால் குஞ்சுகளை எண்ணினேன்: முப்பதுக்கு மேல்!

மீனுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் மட்டும் தாமிரம் கலந்த மருந்தை இந்தத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள், இறால் செத்துவிடும். மீன்களை எல்லாம் வேறு தொட்டிக்கு மாற்றி மருந்து கொடுங்கள்.