கோதுமையை நிறுத்துவதற்கு முன் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கமிருந்து வெளிநாடு வருபவர்களுக்கு

விடுமுறைக்குப் பாலக்கோட்டில் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன். எங்கள் தெருவிலிருந்து மட்டும் இரண்டு பிள்ளைகள் செப்டம்பரில் இங்கிலாந்துக்குப் படிக்கப் போகிறார்கள். குளிருக்கு என்ன வாங்குவது, பெட்டியில் எத்தனை கிலோ பொடி வைப்பது என்று கேட்டு வந்தார்கள். அதையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, அவர்கள் கேட்காத ஒன்றையும் சொன்னேன்: கோதுமை ஆகவில்லை என்று தோன்றினால், அதை நிறுத்துவதற்கு முன் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். எனக்கு யாராவது சொல்லியிருந்தால் இரண்டு வருடம் மிச்சமாகியிருக்கும்.

நம் பக்கத்துச் சாப்பாடு என்ன? களி, கீரைக் கடைசல், சோறு, இட்லி, மலையடிவாரமென்றால் சாமை. 2023 முதல் தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக ராகியே வாங்கிக்கொள்ளலாம். கோதுமை நம் வீடுகளில் விருந்தாளி மாதிரி. எப்போதாவது ஒரு பூரி, ஒரு பரோட்டா. வெளிநாட்டில் இது ஒரே வாரத்தில் தலைகீழாகிறது. காலையில் ரொட்டி, மதியம் சாண்ட்விச், ராத்திரி சோறு வடிக்க நேரமில்லாமல் பாஸ்தா. மூன்று வேளையும் கோதுமை.

பெரும்பாலானவர்களுக்கு இதனால் எதுவும் ஆகாது. சிலருக்கு ஆகும். கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், அவர்களுடைய உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலைத் தாக்குகிறது. சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து மழுங்குகின்றன. இதுதான் சீலியாக் நோய். உலக அளவில் ஏறக்குறைய நூறு பேரில் ஒருவருக்கு இருக்கிறது.

‘அது வடநாட்டுக்காரர்கள் நோய்’ என்று நம் ஊரில் ஒரு டாக்டரே என்னிடம் சொன்னார். கணக்கைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில் இந்த நோய்க்கான எதிர்ப்பொருள் (உடம்பின் எதிர்ப்புச் சக்தி ரத்தத்தில் கிளப்பும் புரதம்) வட இந்தியாவில் 1.23 சதவீதம் பேரிடமும், தெற்கில் 0.10 சதவீதம் பேரிடமும் இருந்தது. தெற்குக்காக எடுத்துக்கொண்ட இடம் நமக்குப் பக்கத்திலிருக்கும் வேலூர். ஆனால் அதே ஆய்வில் இன்னொன்றும் உண்டு. இந்த நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு இரண்டு பக்கத்திலும் ஏறக்குறைய ஒரே அளவில், மூன்றில் ஒருவருக்கும் சற்று மேலாக இருந்தது. வித்தியாசம் தட்டில்தான்: வடக்கில் ஒருவர் நாளுக்குச் சராசரி 455 கிராம் கோதுமை சாப்பிட, தெற்கில் 25 கிராம். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. விதை நம்மிடமும் இருந்திருக்கிறது, தண்ணீர்தான் ஊற்றவில்லை.

பர்மிங்காமுக்குப் போன முதல் வருடத்திலேயே எனக்கு ஆரம்பித்தது. வயிறு உப்புசம், அடிக்கடி வயிற்றுப்போக்கு, ஆறாத வாய்ப்புண், மாடி ஏறினால் மூச்சு வாங்கும். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.1. இரும்பு மாத்திரை ஆறு மாதம் விழுங்கியும் ஏறவில்லை. ‘பெண்களுக்கு மாதவிடாயால் இப்படி ஆகும்’ என்று அங்கேயும் சொன்னார்கள், ஊரில் வந்து பார்த்த இடத்திலும் சொன்னார்கள். அம்மா போனில், “கோதும ஆவலன்னா உட்ரு கண்ணு, களி கிண்டித் தின்னு, எல்லாம் சரியாப் பூடும்” என்றார். விட்டேன். மூன்றே வாரத்தில் வயிறு அடங்கியது.

நான் சறுக்கியது அங்கேதான். ஆகாததை நிறுத்துவது நம் ரத்தத்தில் ஊறிய பழக்கம். மஞ்சள் காமாலை என்றால் எண்ணெயை நிறுத்துவோம், சளி என்றால் தயிரை நிறுத்துவோம். பத்தியம் இருந்துவிட்டுத்தான் வைத்தியரிடமே போவோம். சீலியாக் விஷயத்தில் இந்தப் பத்தியம் நோயை மறைத்துவிடும். ரத்தப் பரிசோதனை தேடுவது குளூட்டனுக்கு எதிராக உடம்பு கிளப்பும் எதிர்ப்பொருளை. குளூட்டனே உள்ளே போகாவிட்டால் அது மெல்ல மெல்ல இறங்கிவிடும். நான் நாலு மாதம் களியும் சோறுமாக இருந்துவிட்டு ரத்தம் கொடுத்தேன். ‘ஒன்றும் இல்லை’ என்று வந்தது. எரிச்சல் கொண்ட குடல் (ஐ.பி.எஸ்.) என்ற வேறொரு வயிற்றுக் கோளாறு என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்து வேறொரு டாக்டர் கேட்ட ஒரே கேள்வியில்தான் முடிச்சு அவிழ்ந்தது: “அந்தப் பரிசோதனைக்கு முன்னால் என்ன சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்?”

ஆகவே தம்பி, தங்கச்சி, சந்தேகம் வந்தால் கோதுமையை நிறுத்தாமல் டாக்டரிடம் போங்கள். பிரிட்டனில் வழிகாட்டு நெறி தெளிவாகவே சொல்கிறது: பரிசோதனைக்கு முன் குறைந்தது 6 வாரம், தினமும் ஒரு வேளைக்கு மேல், குளூட்டன் உள்ள சாப்பாடு சாப்பிட்டிருக்க வேண்டும். அங்கே டாக்டர், நீங்கள் எல்லோரையும் போல ரொட்டி தின்பவர் என்றே நினைத்துக்கொள்வார். ‘என் முக்கிய உணவு அரிசியும் ராகியும், கோதுமை குறைவு’ என்று நீங்களாகவே சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியம் பரிசோதனை முடிவையே மாற்றக்கூடியது.

போய் இறங்கியதும் வீட்டுக்குப் பக்கத்து ஜி.பி.யிடம் (அங்கே குடும்ப டாக்டரை அப்படித்தான் சொல்வார்கள்) பெயரைப் பதிந்துவிடுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் தங்கும் விசா என்றால் விண்ணப்பத்தோடு சுகாதாரக் கட்டணமும் கட்டியிருப்பீர்கள், ரத்தப் பரிசோதனைக்குத் தனியாகப் பணம் கேட்க மாட்டார்கள். கேட்க வேண்டியது டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. என்ற பரிசோதனை, அதோடு மொத்த ஐ.ஜி.ஏ. அளவும். ஐ.ஜி.ஏ. என்பது எதிர்ப்பொருளில் ஒரு வகை. சிலருக்கு அதுவே பிறவியில் குறைவாக இருக்கும். அதைப் பார்க்காமல் விட்டால், நோய் இருந்தும் இல்லை என்று வரும். இணையத்தில் விற்கும் ‘உணவு ஒவ்வாமை’ கிட்டுகளுக்குக் காசு கொட்டாதீர்கள். அவை சீலியாக்கைக் கண்டுபிடிக்காது.

ரத்தத்தில் இருக்கிறது என்று வந்த நிமிடமே கோதுமையைத் தூக்கிப் போடத் தோன்றும். பொறுங்கள். பெரியவர்களுக்கு வழக்கமாக எண்டோஸ்கோப்பி செய்து சிறுகுடலின் தொடக்கத்திலிருந்து சிறு துணுக்குகள் எடுத்துப் பார்ப்பார்கள். அது முடியும்வரை கோதுமை தொடர வேண்டும். எதிர்ப்பொருள் அளவு மிக அதிகமாக, அதாவது சாதாரண உச்சத்தைப் போல 10 மடங்குக்கு மேல் இருந்தால், சிலருக்குத் துணுக்கு எடுக்காமலே உறுதி செய்வதும் உண்டு. அதை நிபுணர் முடிவு செய்யட்டும். ஏற்கெனவே கோதுமையை விட்டுவிட்டு, திரும்பச் சாப்பிட்டால் தாங்கவே முடியாது என்பவர்கள் மரபணுப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். அதற்குப் பத்தியம் ஒரு தடையில்லை. அந்த மரபணு இல்லையென்றால் சீலியாக் அநேகமாக இல்லை என்று நிம்மதியாக இருக்கலாம். இருக்கிறது என்று வந்தால் மட்டும் அது நோய் என்று அர்த்தமாகாது.

பரிசோதனைக்காகத் திரும்பக் கோதுமை சாப்பிட்ட அந்த 6 வாரம் எனக்குக் கடினமாகத்தான் இருந்தது. மூன்றரைக் கிலோ இளைத்தேன். பரீட்சை நேரத்திலோ புது வேலையின் முதல் மாதத்திலோ இதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு மட்டும் ஒன்று. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் என்பதால்தான் நமக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. அதற்கு முன் போர் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களில் பலருக்குப் பல்லில் பழுப்புக் கறை இருக்கும். சீலியாக்கும் பல் எனாமலைக் கெடுக்கும், எலும்பைத் தேய்க்கும். ஊரில் மூட்டுவலியும் பல் கறையும் தண்ணீரால்தான் என்று கேள்வியில்லாமல் போய்விடுகிறது. வெளிநாட்டு டாக்டருக்கோ ஃப்ளோரைடு கதையே தெரிந்திருக்காது. தண்ணீர்க் கதையையும் பல், மூட்டுத் தொந்தரவையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உறுதியான பிறகு மருந்து என்று ஒன்றுமில்லை. ஆயுசுக்கும் குளூட்டன் இல்லாத சாப்பாடு, அவ்வளவுதான். இது கண்டுபிடிக்கப்பட்ட விதம் என்னை உலுக்கியது. 1944-45 பஞ்சத்தில் நெதர்லாந்தில் ரொட்டி கிடைக்காமல் போனபோது, வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் கவனித்தார்: ஊரே பட்டினியில் வாட, சீலியாக் குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பியதும் மறுபடி படுத்தார்கள்.

நமக்கு இதில் ஒரு பெரிய ஆறுதல் உண்டு. அரிசி, ராகி, சாமை, தினை, வரகு, கம்பு, சோளம் எதிலுமே குளூட்டன் இல்லை. வெள்ளைக்காரர்கள் விலை உயர்ந்த தனி ரொட்டி தேடி அலையும்போது நமக்குக் களி இருக்கிறது. ஆனால் மாவை எங்கே அரைத்தது என்று கேட்க வேண்டும். ஊர் மில்லில் கோதுமை அரைத்த அதே கல்லில் அடுத்து ராகி விழுகிறது. அம்மா ஆசையாகக் கட்டிக் கொடுத்த மாவிலேயே எனக்கு மறுபடி வயிறு கெட்டது, காரணம் புரிய இரண்டு மாதமானது. இப்போது பாக்கெட்டில் ‘குளூட்டன் இல்லை’ என்று போட்டதைத்தான் வாங்குகிறேன். அப்படிப் போட, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. இந்தியா, பிரிட்டன், அமெரிக்கா எல்லா இடத்திலும் இதே அளவுதான்.

மறைந்திருப்பவை நம் அடுக்களையிலேயே உண்டு. பெருங்காயத்தை எடுத்துப் படியுங்கள், கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் மைதாவோ கோதுமை மாவோ கலந்திருக்கும். அதைப் போட்டால் சாம்பாரும் ரசமும் ஆகாது. ரவை கோதுமைதான், ஆகவே உப்புமா, கேசரி, ரவா தோசை எல்லாம் போயிற்று. ராகி சேமியா என்ற பெயரை நம்பாதீர்கள், பின்பக்கம் கோதுமை இருக்கலாம். ஹார்லிக்ஸில் பார்லியும் கோதுமையும் இருக்கிறது. சத்து மாவில் கோதுமை சேர்ப்பது வழக்கம். ஓட்ஸ் பெரும்பாலும் கோதுமையோடு கலந்துவிடுவதால் தனியாகச் சான்று பெற்றது மட்டும், அதுவும் டாக்டரைக் கேட்டு. ஐந்து பேர் சேர்ந்து தங்கும் வீட்டில் தோசைக்கல்லும் ஜல்லடையும் உங்களுக்கென்று தனியாக இருக்கட்டும். சப்பாத்தி சுட்ட கல்லில் ஊற்றிய தோசை ஆகாது.

கனடா, ஆஸ்திரேலியா, வளைகுடா என்று எங்கே போனாலும் பரிசோதனைக்கு முன் கோதுமையை விடாதீர்கள் என்பது மாறாது. வளைகுடா ரொட்டியான குபூஸும் கோதுமைதான்.

ஊருக்கு விடுமுறையில் வரும்போது சொந்தக்காரர்களுக்கு விளக்குவதுதான் பெரும்பாடு. ‘கொஞ்சம் தின்னா ஒண்ணும் ஆவாது’ என்பார்கள். ‘அலர்ஜி’ என்றால் மாத்திரை போட்டுக்கொள் என்பார்கள். நான் இப்படிச் சொல்கிறேன்: “பெரியம்மா, சக்கரை நோய் மாதிரி ஆயுசுக்கும் இருக்கற நோய். ஒரு துணுக்கு கோதுமை போனாலும் உள்ள குடல் புண்ணாயிடும், வெளிய தெரியாது.” சக்கரை நோய் என்றதும் புரிந்துகொள்கிறார்கள். நேற்று பெரியம்மா தனிச் சட்டியில் பெருங்காயம் போடாமல் எனக்கு மட்டும் அவரைக்கொட்டைக் குழம்பு வைத்திருந்தார்.

ஒருவருக்கு உறுதியானால் பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகள் எல்லோரும் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்கு வரும் வாய்ப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்று. என் தம்பிக்கு வருடக்கணக்காக ரத்தசோகை. களி, சோறு தவிர வேறெதுவும் தொடாதவன். அவனை நேராக லேபுக்கு அழைத்துப் போகாமல், டாக்டரைக் கேட்டுக்கொண்டு காலை இரண்டு, ராத்திரி இரண்டு என்று சப்பாத்தி போட்டுக் கொடுக்கிறார் அம்மா. இது நாலாவது வாரம். இன்னும் இரண்டு வாரம் கழித்துத்தான் ரத்தம் எடுக்கப் போகிறோம்.