பண்டிகைச் சாப்பாடு: அடுத்த வீட்டைப் பற்றி நாம் போடும் தப்புக்கணக்குகள்

தீபாவளி வந்தால் பத்திரிகைகள் அதிரசம், முறுக்கு, லட்டு என்று படம் போடும். தீபாவளியன்று விடிவதற்கு முன்னால் உங்கள் ஊர் ஆட்டுக்கறிக் கடைப் பக்கம் போய்ப் பாருங்கள். எண்ணெய்த் தலையோடு, கையில் தூக்குவாளியோடு ஒரு வரிசை நிற்கும். இட்லிக்கு ஆட்டுக்கறிக் குழம்பு, தோசைக்கு நாட்டுக்கோழிக் குழம்பு என்பதுதான் எத்தனையோ வீடுகளில் தீபாவளிக் காலை. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. மத்திய அரசு 2014-இல் எடுத்த மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம் சாப்பிடுகிறவர்கள். ஆனால் அதே தெருவில், அதே காலையில், எதிர்வீட்டில் வெங்காயம்கூட நறுக்கியிருக்க மாட்டார்கள்.

ஒரு வீட்டில் பண்டிகைக்கு என்ன சாப்பிடுவார்கள் என்பதை நாம் பெரும்பாலும் பெயரையும் மதத்தையும் வைத்து ஊகித்துவிடுகிறோம். அழைப்பும் அதை வைத்துத்தான், அனுப்பும் டப்பாவும் அதை வைத்துத்தான். பாதி நேரம் தப்பாகிறது.

ஆளைப் பார்க்கிறோம், நாளைப் பார்ப்பதில்லை

பெரிய தவறு இதுதான். “அவங்க நல்லா கறி சாப்பிடுவாங்க, பிரியாணியே கொடுத்துவிடலாம்” என்று கிறிஸ்துமஸ் அன்று ஒரு வாளி பிரியாணியைத் தூக்கிக்கொண்டு போகிறோம். கதவைத் திறப்பவர் கருப்பு வேட்டியில், கழுத்தில் துளசி மணியோடு நிற்கிறார். கார்த்திகை முதல் நாள் மாலை போட்டால் சபரிமலைக்கு 41 நாள் மண்டல விரதம். கார்த்திகை பிறப்பது நவம்பர் 16, 17 வாக்கில். எண்ணிப் பாருங்கள், கிறிஸ்துமஸ் அந்த 41 நாளுக்குள்ளேயே விழுந்துவிடும். மகரவிளக்குக்குப் போகிறவர் என்றால் ஆங்கிலப் புத்தாண்டும் விரதத்துக்குள்தான். மாலை போட்டவர் ஒருவராக இருக்கலாம், ஆனால் அவர் மலைக்குப் போய்வரும்வரை அந்த வீட்டு அடுப்பில் யாருக்குமே கறி ஏறாது. சிவப்பு உடுத்தி மேல்மருவத்தூர் போகிற வீட்டிலும், தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிற வீட்டிலும் இதே கதைதான். போன வருஷம் ரசித்துச் சாப்பிட்டாரே என்பது இந்த வருஷத்துக்குச் சாட்சி ஆகாது.

தீபாவளியிலேயே இந்தச் சிக்கல் உண்டு. தமிழ்நாட்டில் தீபாவளி என்பது நரக சதுர்த்தசியன்று விடிகாலை எண்ணெய்க் குளியல். அமாவாசை அதன் பின்னாலேயே வரும், சில ஆண்டு அன்றைக்கே, சில ஆண்டு மறுநாள். அந்த அமாவாசையில்தான் கேதார கௌரி நோன்பு. வேலூர், திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பக்கம் நோன்பு எடுக்கிற வீடுகள் ஏராளம். 21 அதிரசம், 21 வெற்றிலை, 21 பாக்கு என்று எண்ணி அடுக்கி, நோன்புக் கயிறு வைத்துப் படைத்து, அதைக் கையில் கட்டிக்கொண்ட பிறகுதான் மற்றதெல்லாம். 2024-இல் அக்டோபர் 31 வியாழக்கிழமை தீபாவளி, அன்று பிற்பகலில்தான் அமாவாசை பிறந்தது. காலையிலேயே இட்லியும் கறிக்குழம்பும் முடித்த வீட்டுக்கு அது ஒரு பொருட்டில்லை. நோன்பு வீட்டிலோ, நோன்பு முடியும்வரை கறி என்ற பேச்சே கிடையாது. இரண்டு வீட்டுக்காரர்களும் ஒரே ஊர், ஒரே உறவுமுறைகூட இருக்கலாம்.

மாட்டுப் பொங்கலும் அப்படித்தான். ஒரு வீட்டில் கனுப்பிடி (காக்கைக்கு வைக்கும் சாத உருண்டைகள்) வைத்துவிட்டு, தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், தயிர் சாதம். இன்னொரு வீட்டில் முந்தின நாள் முழுக்கச் சைவமாக இருந்ததற்குச் சேர்த்து வைத்துக் கோழியும் ஆடும்.

எதிர்ப்பக்கமும் யோசிக்க வேண்டும். சித்திரை முதல் நாள் வடை பாயசத்தை மதியம் பன்னிரண்டு மணிக்குப் பக்கத்து முஸ்லிம் வீட்டில் கொடுக்கிறோம். ரமலான் ஒவ்வோர் ஆண்டும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும். 2021, 2022, 2023 மூன்று ஆண்டும் ஏப்ரல் 14 ரமலான் மாதத்துக்குள்தான் வந்தது. நோன்பிருப்பவர் கையில் நடுப்பகலில் சுடச்சுட வடையைக் கொடுப்பதைவிட, நோன்பு திறக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் கொடுத்தால் நோன்புக் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளவே ஆகும். 2017-இல் அதே ஏப்ரல் 14 புனித வெள்ளியாக வந்தது. கத்தோலிக்க வீடுகளில் அது ஒருசந்தி, அதாவது ஒருவேளை மட்டும் சாப்பிடும் நோன்பு நாள், விருந்து எடுபடாது.

கடைகளுக்கும் நாள் உண்டு. வள்ளலார் நினைவு நாளான தைப்பூசம், மகாவீர் ஜெயந்தி, காந்தி ஜெயந்தி ஆகிய நாள்களில் அரசு உத்தரவுப்படி இறைச்சிக் கடைகள் மூடியிருக்கும். விருந்து வைக்கும் தேதியைக் காலண்டரில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

சைவ வீடுகள் எல்லாம் ஒன்றல்ல

“அவங்க சைவம், சாம்பார் வைச்சுட்டா போதும்.” போதாது. திருநெல்வேலிச் சைவ வேளாளர் வீட்டில் சின்ன வெங்காயமும் பூண்டும் தாராளமாகப் புழங்கும். பல பிராமண வீடுகளில் மற்ற நாள்களில் வெங்காய சாம்பார் உண்டு, ஆனால் பண்டிகை நாளிலும் அமாவாசையிலும் வெங்காயம் பூண்டு இரண்டும் கிடையாது. ஆக, சாதாரண ஞாயிற்றுக்கிழமையில் உங்கள் வீட்டில் வெங்காயப் பஜ்ஜி சாப்பிட்டவர் சரஸ்வதி பூஜையன்று அதைத் தொடாமல் இருந்தால் வீம்பு என்று நினைக்க வேண்டாம்.

சமண வீடுகளில் கணக்கே வேறு. மண்ணுக்குக் கீழே விளைவது ஆகாது என்பதால் உருளைக்கிழங்கு, காரட், பீட்ரூட், வெங்காயம், பூண்டு, பச்சை இஞ்சி எல்லாம் விலக்கு. காய்ந்த சுக்கும் மஞ்சள்தூளும் ஏற்றுக்கொள்கிறவர்கள் உண்டு. நாம் “பாதுகாப்பான” கறி என்று நம்பிச் செய்யும் உருளைக்கிழங்குப் பொரியல்தான் அங்கே முதலில் ஒதுக்கப்படும். வாழைக்காய் வறுவல், புடலங்காய்க் கூட்டு, அவரைக்காய்ப் பொரியல் என்று போனால் பிரச்சினை இல்லை. நெறியை இறுக்கமாகப் பிடிக்கிறவர்கள் பொழுது சாய்ந்த பிறகு சாப்பிடவும் மாட்டார்கள், ஆகவே ராத்திரி எட்டு மணி விருந்துக்கு அழைப்பது அழைக்காததற்குச் சமம். தீபாவளி அவர்களுக்கு மகாவீரர் நிர்வாணம் அடைந்த நாள், அன்று கட்டுப்பாடு கூடத்தான் செய்யும்.

அப்புறம் முட்டை. சைவ விருந்தாளி ஏமாறுவது பெரும்பாலும் குழம்பில் இல்லை, இனிப்பில்தான். கிறிஸ்துமஸ் பிளம் கேக்கில் முட்டை இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். அதே தட்டில் இருக்கும் அச்சு முறுக்கு மாவிலும் பல வீடுகளில் முட்டை அடித்துக் கலந்திருப்பார்கள் என்பது தெரியாது. காயல்பட்டினம், கீழக்கரை வீடுகளின் வட்டிலப்பம் பார்வைக்குப் பால் இனிப்பு மாதிரியே இருக்கும், ஆனால் அது முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்து வெந்தது, முட்டை இல்லாமல் வட்டிலப்பமே கிடையாது. கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து வரும் முந்திரிக்கொத்தில் பயறு, தேங்காய், வெல்லம், மேலே அரிசிமாவுப் பூச்சு, அவ்வளவுதான். அதைத் தாராளமாகச் சாப்பிடலாம். கொடுப்பவர் டப்பா மேல் ஒரு சீட்டில் “முட்டை உண்டு” என்று எழுதி ஒட்டிவிட்டால் இந்த ஆராய்ச்சியே தேவையில்லை.

கொடுத்துவிடும்போது

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, இரண்டு பக்கமும் வாய்விட்டுப் பேசுவதில்லை. இந்து வீடுகளில் பண்டிகைச் சமையலை முதலில் சாமிக்கோ முன்னோருக்கோ படைப்பார்கள். படைப்பதற்கு முன் உப்புக்கூடப் பார்க்க மாட்டார்கள். படைத்த பிறகுதான் அக்கம்பக்கத்துக்குப் போகும். முஸ்லிம் வீடுகள் பலவற்றிலும், கிறிஸ்தவ வீடுகள் சிலவற்றிலும் படைத்ததைச் சாப்பிட மாட்டார்கள். முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டு வாங்கி வைத்துக்கொள்வார்கள். அப்புறம் அது எங்கே போகிறது என்று நாம் விசாரிக்காமல் இருப்பது நல்லது. சரி, படைப்பதற்கு முன்னாலேயே கொஞ்சம் எடுத்து வைத்துவிடலாமே என்றால், அது படைக்கிற வீட்டுக்கு ஆகாது. இரண்டு பேர் மனமும் கோணாத வழி, அவர்களுக்கென்று தனிப் பாத்திரத்தில் தனியாகச் செய்து, படையலில் சேர்க்காமல் கொடுப்பது. “இது படைக்காதது” என்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்தால் வாங்குபவர் முகமே மாறும். முடியாவிட்டால் கடை இனிப்பு ஒரு பெட்டி. அதில் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

முஸ்லிம் விருந்தாளி வருகிறார் என்றால் கறி ஹலால் கடையில் வாங்கியதா என்பதுதான் அவருக்கு முக்கியம், பிரியாணி ஆம்பூர் பாணியா திண்டுக்கல் பாணியா என்பது அப்புறம். பிளம் கேக்குக்கு உலர்பழங்களை ரம்மில் ஊறவைக்கும் வீடுகள், முஸ்லிம் வீடுகளுக்குக் கொடுப்பதற்கு மட்டும் திராட்சைச் சாற்றிலோ ஆரஞ்சுச் சாற்றிலோ ஊறவைத்து ஒரு கேக் தனியாகச் செய்துகொள்ளலாம். பக்ரீத் குர்பானிக் கறியில் ஒரு பங்கு உறவுக்கும் நட்புக்கும் போகும். அதை வேற்று மதத்து நண்பருக்குக் கொடுக்கும்போது ஆடா மாடா என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள். வாங்குபவர் கேட்கத் தயங்குவார். மாட்டுக்கறியை விரும்பிச் சாப்பிடும் இந்து வீடுகளும் உண்டு, தொடாத வீடுகளும் உண்டு, நீங்களாக முடிவுசெய்ய வேண்டாம்.

“சாம்பார் எங்கே?”

இது விருந்தாளியாகப் போகிறவர்கள் செய்யும் தவறு. திருநெல்வேலி விருந்தில் இலையில் சொதி வரும். தேங்காயை மூன்று பால் பிழிந்து, பாசிப்பருப்பும் காய்களும் சேர்த்து வைப்பது. தேங்காய்ப்பால் வயிற்றில் கனக்கும் என்பதால் கூடவே இஞ்சிப் பச்சடி வைப்பார்கள். அதைத் துளித் துளியாகச் சேர்த்துச் சாப்பிட வேண்டும். பலர் இஞ்சிப் பச்சடியை ஊறுகாய் என்று நினைத்து ஓரமாகத் தள்ளிவிட்டு, சாயங்காலம் சோடா தேடுவார்கள்.

அதே ஊரில் பொங்கலுக்கு மறுநாள் சுண்டக்கறி வரும். முந்தின நாள் குழம்பும் காய்களும் ஒன்றாகிச் சுண்டிக் கருத்திருக்கும். பழையதைப் போட்டுவிட்டார்கள் என்று முகம் சுளிக்க வேண்டாம், இதற்காகவே முந்தின நாள் கூடுதலாகச் சமைத்திருப்பார்கள். ஆம்பூரில் பிரியாணிக்கு எண்ணெய்க் கத்தரிக்காய் வரும், தாளிச்சாவைத் தேடாதீர்கள். செட்டிநாட்டு வீட்டில் பண்டிகைக்கு வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், கவுனி அரிசி (கருப்பரிசி) இனிப்பு வரிசைகட்டும். லட்டு இல்லையே என்று கேட்டால், கேட்டவருக்குத்தான் நஷ்டம்.

வற்புறுத்துவதைப் பற்றி ஒரு வரி: “பண்டிகை நாள், ஒண்ணே ஒண்ணு சாப்பிடுங்க, ஒண்ணும் ஆகாது” என்று சர்க்கரை நோயாளியின் இலையில் போடுவது பாசம் இல்லை, தொல்லை. சுண்டல் கொடுங்கள்.

துக்க வீட்டை விட்டுவிடுவது

அந்த ஆண்டில் சாவு விழுந்த வீட்டில் தீபாவளி கிடையாது. எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள், பலகாரம் சுட மாட்டார்கள். பங்காளி வீடுகளிலும் பெரும்பாலும் அப்படியே. கொண்டாடாத வீட்டுக்கு எப்படிப் பலகாரம் கொடுப்பது என்று அக்கம்பக்கத்தார் தயங்கி, அந்த வீட்டை மட்டும் தாண்டிப் போய்விடுவார்கள். உண்மையில் பல சமூகங்களில் வழக்கம் நேர் எதிர்: சுடாத வீட்டுக்குத்தான் உறவும் தெருவும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அங்கேயும் குழந்தைகள் இருக்கும், தெருவெல்லாம் எண்ணெய் வாசனை அடிக்கும்போது அவை சும்மா உட்கார்ந்திருக்கும். ஆர்ப்பாட்டமில்லாமல், “பிள்ளைகளுக்கு” என்று சொல்லி, முந்தின நாள் சாயங்காலமே கொடுத்துவிடலாம். வழக்கம் தெரியாவிட்டால் அந்த வீட்டின் நெருங்கிய உறவு ஒருவரிடம் கேட்டுக்கொள்ளலாம். பாத்திரத்தைக் காலியாகத் திருப்பித் தருவது நம் பக்கம் வழக்கமில்லை, அவர்களோ அந்த ஆண்டு எதுவும் செய்ய முடியாது. அதனால் எவர்சில்வர் டப்பாவை விட்டுவிட்டு, திருப்பித் தர வேண்டாத காகிதப் பெட்டியில் வைத்துக் கொடுங்கள்.