டிவியில் படம் நின்று நின்று வருகிறதா? வீட்டு வைஃபையைச் சீர்செய்யும் முறை

கேபிளும் டிஷ்ஷும் இல்லாமல், ஃபைபர் இணைப்பின் வழியாகவே சேனல்களையும் ஓடிடி படங்களையும் பார்க்கும் வீடுகள் தமிழ்நாட்டில் இன்று சிற்றூர்கள் வரை வந்துவிட்டன. இத்தகைய வீடுகளில் படம் பாதியில் நின்று வட்டம் சுழலத் தொடங்கினால், பலரும் முதலில் செய்வது 100 எம்பிபிஎஸ் திட்டத்தை 200 ஆக உயர்த்திக்கொள்வதுதான். அதனால் மாதக் கட்டணம் கூடுமே தவிர, படம் சரியாவது அரிது. நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைக்கும் வேகம் முழு எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 எம்பிபிஎஸ். இரண்டு டிவிகளில் ஒரே நேரத்தில் 4கே ஓடினாலும் 100 எம்பிபிஎஸ் திட்டத்தில் பாதிக்கு மேல் மிச்சமிருக்கும். ஆகவே கோளாறு பெரும்பாலும் தெருவில் வரும் ஃபைபரில் இருப்பதில்லை. வீட்டுக்குள், மோடத்துக்கும் டிவிக்கும் இடைப்பட்ட சில மீட்டர் தூரத்தில்தான் இருக்கிறது.

கோளாறு எங்கே என்று முதலில் உறுதிசெய்யுங்கள்

மோடத்தில் 'லாஸ்' (LOS) என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ, ஃபைபரில்தான் பழுது. நிறுவனத்தை அழைப்பதைத் தவிர நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அந்த விளக்கு எரியவில்லை என்றால், மடிக்கணினியை லேன் கேபிளால் மோடத்துடன் நேரடியாக இணைத்து ஒரு வேகச் சோதனை செய்யுங்கள். பிறகு கைப்பேசியை டிவிக்கு ஒட்டினாற்போல் பிடித்துக்கொண்டு, வைஃபை வழியாக அதே சோதனையைச் செய்யுங்கள். முதலாவதில் கட்டிய பணத்துக்குரிய வேகமும், இரண்டாவதில் அதில் சிறு பங்கும் கிடைத்தால், குறை வைஃபையில் என்பது தெளிவாகிவிடும். பகலில் மட்டும் பார்த்துவிட்டு முடிவுக்கு வரவேண்டாம். அக்கம்பக்கத்து வீடுகள் எல்லாம் இணையத்தில் இருக்கும் இரவு எட்டு மணிக்கு மேலும் ஒருமுறை பார்க்கவேண்டும்.

வேகத்தைக் காட்டிலும் நம்பகமான சோதனை பிங், அதாவது ஒரு முகவரிக்குச் சிறு தகவலை அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளப்பது. டிவி இருக்கும் இடத்திலிருந்து மோடத்தின் முகவரிக்கு, அதாவது பல வீடுகளில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்ற எண்ணுக்கு, தொடர்ந்து ஒரு நிமிடம் பிங் அனுப்பிப் பாருங்கள். பதில் சில மில்லிவினாடிகளில் ஒரே சீராக வந்தால் நல்லது. 4 என்றும் 6 என்றும் வந்துகொண்டிருந்தது திடீரென்று 250க்குத் தாவுவதும் இடையிடையே பதிலே வராமல் போவதும் நிகழ்ந்தால், அந்தத் தரவு உங்கள் வீட்டு வாசலைக்கூடத் தாண்டவில்லை என்பதால், பழி முழுவதும் வைஃபையையே சேரும்.

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றை நிறுவினால், அலையின் வலிமையை டிபிஎம் என்ற அலகில் காட்டும். இந்த எண் எப்போதும் மைனஸில் இருக்கும்; பூஜ்ஜியத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. மைனஸ் 50 மிக நன்று. மைனஸ் 67 வரை வீடியோ தடையின்றி ஓடும். மைனஸ் 75ஐத் தாண்டினால் தொல்லை தொடங்கும். மூன்று எண் குறைந்தாலே அலையின் ஆற்றல் பாதியாகிவிடுகிறது என்பதால், சிறு வேறுபாட்டையும் அலட்சியம் செய்யலாகாது. டிவியின் ஆன்டெனா பெரும்பாலும் திரைக்குப் பின்னால், சுவரைப் பார்த்து ஒளிந்திருப்பதால், கைப்பேசிக்குக் கிடைப்பதைவிடக் குறைவான அலையே டிவிக்குக் கிடைக்கும் என்று கணக்கில் கொள்ளுங்கள்.

சினிமா ஓடுகிறது, சேனல் மட்டும் ஏன் திக்குகிறது?

பலரையும் குழப்பும் கேள்வி இது. ஓடிடி படம் ஓடும்போது, அடுத்து வரவேண்டிய காட்சிகளை டிவி முன்கூட்டியே இறக்கிச் சேமித்துக்கொள்கிறது. இடையில் சில நொடிகள் அலை தடைப்பட்டாலும் சேமிப்பிலிருந்து ஓட்டிவிடும். நேரலையில், கிரிக்கெட்டோ செய்தியோ, அவ்வளவு முன்சேமிப்புக்கு வழியில்லை. சில நிறுவனங்களின் ஐபிடிவி சேவையில், அதாவது இணைய இணைப்பின் வழியாகவே வரும் டிவி சேவையில், சேனல்கள் மல்டிகாஸ்ட் முறையில், ஒரே ஓடையாகப் பலருக்கும் பொதுவாக அனுப்பப்படுகின்றன. கேபிளில் சிக்கனமாக இயங்கும் இந்த முறை வைஃபையில் தடுமாறுகிறது. சாதாரணத் தரவில் ஒரு துண்டு தொலைந்தால் வைஃபை அதை மீண்டும் அனுப்பும். மல்டிகாஸ்டில் போய்ச் சேர்ந்ததா என்று கேட்கும் வழக்கமே இல்லை. போதாக்குறைக்கு, அது மிகக் குறைந்த வேகத்தில் அனுப்பப்பட்டு மற்றச் சாதனங்களின் நேரத்தையும் விழுங்கிவிடுகிறது. படம் கட்டம் கட்டமாக உடைவதும் ஒலி அறுபடுவதும் இதனால்தான். ரூட்டரின் (பல வீடுகளில் மோடமே ரூட்டரும்கூட) அமைப்புகளில் 'ஐஜிஎம்பி ஸ்னூப்பிங்', 'மல்டிகாஸ்ட் டு யூனிகாஸ்ட்' என்ற தேர்வுகள் இருந்தால் அவற்றை இயக்கிவிடுங்கள். அதற்கும் அடங்கவில்லை என்றால், அந்த செட்டாப் பாக்ஸுக்கு லேன் கேபிள் போடுவதே மருந்து.

மோடம் இருக்கும் இடம்

ஃபைபர் இணைக்க வரும் ஊழியர், கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே மோடத்தை மாட்டிவிட்டுப் போவது வழக்கம். அது பெரும்பாலும் வாசல் நிலைக்கு மேலேயோ, பரணிலோ, மீட்டர் பெட்டிக்குப் பக்கத்திலோ அமைந்துவிடுகிறது. அங்கிருந்து அலை புறப்பட்டால் பாதி தெருவுக்கும் மீதி மாடிப்படிக்கும் போகிறது. ஃபைபரை இன்னும் சில மீட்டர் நீட்டி மோடத்தைக் கூடத்துக்கு மாற்றித் தரும்படி கேளுங்கள். தனிக் கட்டணம் வாங்கினாலும் புது ரூட்டர் வாங்குவதைவிட இது மலிவு. ஃபைபரை மூலையில் ஒடித்து மடக்கவோ, கதவிடுக்கில் நசுங்க விடவோ கூடாது. உள்ளே இருப்பது கண்ணாடி இழை.

கூடத்திலும் எங்கே வைப்பது என்று பார்க்கவேண்டும். நெஞ்சளவு உயரத்தில், திறந்த இடத்தில், டிவி கண்ணுக்குத் தெரியும்படி இருப்பது உகந்தது. மூடிய ஷோகேஸுக்குள்ளும், டிவியின் முதுகுக்குப் பின்னாலும், இரும்பு பீரோவுக்கும் மீன் தொட்டிக்கும் அருகிலும் வேண்டாம். உலோகம் அலையைத் திருப்பிவிடும். தண்ணீர் அலையை உறிஞ்சிவிடும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஆன்டெனாக்களை டிவியை நோக்கிச் சாய்ப்பதும் தவறு. குச்சியின் நுனியிலிருந்து அலை மிகக் குறைவாகவே கிளம்புகிறது, பக்கவாட்டில்தான் பரவுகிறது. எனவே ஒரே தளத்தில் உள்ள வீட்டுக்கு அவற்றைச் செங்குத்தாக நிறுத்துங்கள்.

சுவரின் தன்மையும் முக்கியம். நாலரை அங்குலச் செங்கல் தடுப்புச் சுவரை அலை ஓரளவு எளிதாகத் தாண்டும். ஒன்பது அங்குலச் சுவரில் களைத்துப்போகும். சென்னையின் புதிய அடுக்குமாடிகள் பலவற்றில் செங்கல்லே இல்லாமல், அலுமினிய அச்சு வைத்து எல்லாச் சுவர்களையும் கம்பி கட்டிய காங்கிரீட்டாக வார்க்கிறார்கள். அத்தகைய வீட்டில் மோடத்துக்கும் டிவிக்கும் நடுவே இரண்டு சுவர்கள் இருந்தால், எந்த ரூட்டரை வாங்கினாலும் 5 கிகாஹெர்ட்ஸ் அலை டிவியை நல்ல நிலையில் சென்றடையாது. ஆன்டெனாக்களின் எண்ணிக்கையைப் பார்த்து ரூட்டர் வாங்குவது, மீசையைப் பார்த்து வீரத்தை அளப்பது போன்றது.

2.4 வேண்டுமா, 5 வேண்டுமா?

2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தொலைவு போகும். ஆனால் அந்தப் பாதையில் நெரிசல் அதிகம். அக்கம்பக்கத்து ரூட்டர்கள், புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு என எல்லாம் அதில்தான் இயங்குகின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். சுவர்தான் அதற்குப் பகை. மோடமும் டிவியும் ஒரே அறையிலோ ஒரு சுவர் தள்ளியோ இருந்தால் தயங்காமல் 5ஐத் தேர்ந்தெடுங்கள். 2.4க்கும் 5க்கும் ஒரே வைஃபை பெயர் வைத்திருந்தால், டிவி எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது தெரியாது. அமைப்புகளுக்குள் சென்று வெவ்வேறு பெயர் வையுங்கள். டிவியை 5இல் இணைத்தபின், பழைய 2.4 பெயரை டிவியின் நினைவிலிருந்து நீக்கிவிடவேண்டும். இல்லையேல் மின்தடை முடிந்து எல்லாம் மீண்டும் இயங்கும்போது அது பழைய பெயரையே தேடிப் போகும்.

வைஃபை அலை செல்லும் தடத்துக்கும் சேனல் என்றே பெயர்; அந்த விஷயம் சுருக்கமானது. 2.4இல் 1, 6, 11 ஆகியவற்றில் நெரிசல் குறைந்த ஒன்றை, 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் வையுங்கள். 5இல் 36 முதல் 48 வரை, அல்லது 149 முதல் 161 வரை வைப்பது பாதுகாப்பு. இடையில் உள்ள 52 முதல் 144 வரையிலான சேனல்கள் ரேடார்களோடு பகிர்ந்துகொள்ளப்படுபவை. ரேடார் அலை தென்பட்டதாக ரூட்டர் கருதினால் சொல்லாமல் கொள்ளாமல் வேறு சேனலுக்குத் தாவிவிடும், படமும் நின்றுவிடும்.

ஓடிடி பார்ப்பதற்கான ஸ்டிக்கை டிவியின் பின்புறம் செருகியிருப்பவர்கள், அதை நேராகச் செருகாமல் சிறிய எச்டிஎம்ஐ நீட்டிப்புக் கேபிள் வழியாக வெளியே தொங்கவிட்டுப் பாருங்கள். சுவருக்கும் உலோகத் தகட்டுக்கும் நடுவே அடைபட்டிருந்த ஸ்டிக், சற்று விலகியதுமே நன்றாக இயங்குவது உண்டு.

கேபிள் போடுவதே நிரந்தரத் தீர்வு

கைப்பேசி வீடெங்கும் நடமாடும்; டிவி சுவரை விட்டு நகராது. நகராத பொருளுக்கு எதற்கு வைஃபை என்பதே என் கேள்வி. கேட்6 லேன் கேபிள் 100 மீட்டர் வரை போகும். எந்த வீட்டுக்கும் இது போதும். செம்பு பூசிய அலுமினியக் கேபிளைத் தவிர்த்து, முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். கேபிள் டிவிக்காக மாடியிலிருந்து கூடத்துக்குச் சுவருக்குள் பிவிசி குழாய் பதித்த வீடுகள் ஏராளம். அதில் பயன்படாமல் கிடக்கும் பழைய கேபிளின் முனையில் லேன் கேபிளைக் கட்டி, மறுமுனையிலிருந்து இழுத்தால் சுவரை உடைக்காமலே வேலை முடியும். மின்கம்பி ஓடும் குழாயில் மட்டும் இதை நுழைக்கக் கூடாது.

கேபிள் போட்டபின் டிவியில் வேகச் சோதனை செய்தால் 90 சொச்சம் எம்பிபிஎஸ்ஸே காட்டலாம். விலையுயர்ந்த டிவிகள் பலவற்றிலும் லேன் துளை 100 எம்பிபிஎஸ் வரையே தாங்கும் என்பதுதான் காரணம். கவலை வேண்டாம், 4கே படத்துக்குத் தேவையானதைப் போல் ஆறு மடங்கு அது.

கேபிளுக்கு வழியே இல்லாத வீட்டில், ஒன்றுக்கு மேற்பட்ட பெட்டிகளை வைத்து வீடெங்கும் வைஃபை பரப்பும் மெஷ் ரூட்டரை நாடலாம். அதன் இரண்டாவது பெட்டியை அலை செத்துப்போன இடத்தில் வைப்பவர்களே அதிகம். தனக்கே கிடைக்காத அலையை அது பிறருக்கு எப்படித் தரும்? மோடத்துக்கும் டிவிக்கும் பாதி வழியில் அதை வைக்கவேண்டும். டிவியும் அங்கேயே அருகில் இருந்தால், பெட்டியிலிருந்து டிவிக்குச் சிறு லேன் கேபிள் ஒன்றைச் செருகிவிடுங்கள். ஐபிடிவி பெட்டி தங்கள் மோடத்தோடு நேரடியாக இணைந்தால்தான் இயங்கும் என்று சில நிறுவனங்கள் வைத்திருப்பதால், வாங்கும் முன் கேட்டுக்கொள்வது நல்லது. ஒரே அலைவரிசையில் வாங்கி அதிலேயே கொடுக்கும் மலிவான ரிப்பீட்டர்கள் வேகத்தைப் பாதியாக்கிவிடுபவை. டிவிக்கு நான் பரிந்துரைப்பதில்லை. மின்கம்பி வழியே தரவை அனுப்பும் பவர்லைன் அடாப்டரும் மும்முனை இணைப்புள்ள வீட்டில், இரண்டு பிளக்குகளும் வெவ்வேறு ஃபேஸில் அமைந்துவிட்டால் ஏமாற்றும். அதை ஸ்பைக் பஸ்டரில் செருகாமல் சுவர் பிளக்கிலேயே நேராகச் செருகவேண்டும்.

கேபிளில் இணைத்த பிறகும் படம் நின்றால், வைஃபை குற்றமற்றது என்று முடிவுசெய்யலாம். அப்போது மோடத்துக்கும், வெளியே 8.8.8.8 என்ற கூகுளின் முகவரிக்கும் பிங் அனுப்பி, முதலாவது சீராகவும் இரண்டாவது தாறுமாறாகவும் வருவதை நேரத்தோடு திரைப்பிடிப்பு எடுத்து நிறுவனத்துக்கு அனுப்புங்கள். 'மோடத்தை அணைத்துப் போடுங்கள்' என்ற வழக்கமான பதிலைச் சொல்லி அவர்கள் தட்டிக்கழிக்க இடமிருக்காது.