காருக்கு ப்ளூடூத் ஜிபிஎஸ் ரிசீவர் வாங்கும்போது

முதலில் உங்கள் கருவியைப் பாருங்கள். விண்டோஸ் லேப்டாப்புக்கும் ஆண்ட்ராய்டு டேப்லெட்டுக்கும் சீரியல் போர்ட் ப்ரொஃபைல் (கம்பி இணைப்பு போல ப்ளூடூத்தில் தரவு அனுப்பும் முறை) உள்ள ரிசீவர் போதும். ஐபேடுக்கு அது உதவாது. ஐபேடுக்கும் பொருந்தும் என்று பெட்டியில் இருக்கிறதா எனப் பார்த்தே வாங்குங்கள். ஆண்ட்ராய்டில் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் மாக் லொகேஷன் செயலியையும் (கருவியின் சொந்த ஜிபிஎஸுக்குப் பதில் ரிசீவர் தரும் இடத்தைக் கொடுக்கும் செயலி) தேர்ந்தெடுக்க வேண்டும். இதை விட்டால் வரைபடம் ரிசீவரைக் கண்டுகொள்ளாது.

100 கி.மீ. வேகத்தில் கார் நொடிக்கு 28 மீட்டர் ஓடும். வழி காட்ட நொடிக்கு ஒரு பதிவு போதும். வளைவுகளைத் துல்லியமாகப் பதிய 5 வேண்டும்.

பழைய மாடல் மலிவாகக் கிடைத்தால் தேதியைச் சோதியுங்கள். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் தேதியை வார எண்ணாக அனுப்புகின்றன; அந்த எண் 1024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யமாகும்; 2019 ஏப்ரலில் அப்படி ஆனபின் சில ரிசீவர்கள் 1999 என்று காட்டின; அவை இன்றும் சுமார் 20 ஆண்டு பின்தங்கிய தேதியைக் காட்டும்.

உலோகப் பூச்சுள்ள முன்கண்ணாடி சிக்னலைத் தடுக்கும்.