அஸ்வகந்தா டப்பாவைத் திறப்பதற்கு முன்

சிங்கப்பூரில் தேக்கா பக்கம் கடைகளில் "ஒரே அசதி, ராத்திரி தூக்கமும் இல்லை" என்று சொல்லிப் பாருங்கள். அஸ்வகந்தா என்ற ஆயுர்வேத மூலிகை டப்பா கைக்கு வந்துவிடும். அதை அப்படியே வாங்கிப்போய் விழுங்குவதுதான் பலர் செய்யும் முதல் தவறு. அசதிக்குப் பின்னால் ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, சைவம் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவு என்று எதுவும் இருக்கலாம். பலதுறை மருந்தகத்தில் ரத்தம் கொடுத்தால் இவை தெரிந்துவிடும். குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று நின்று தூங்குபவர் என்றால் அதை மருத்துவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும். ரத்தத்தில் அது தெரியாது.

அடுத்தது, "மூலிகைதானே, என்ன செய்துவிடும்?" என்ற நினைப்பு. அஸ்வகந்தா தூக்கத்துக்கு ஓரளவு உதவுவதாகச் சிறிய ஆய்வுகள் சில சொல்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அது தைராய்டு சுரப்பைக் கூட்டலாம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு சேர்ந்து அளவை அதிகமாகக் குறைக்கலாம். தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மந்தம் கூடும். அரிதாகக் கல்லீரலும் பாதிக்கப்பட்டிருக்கிறது. சிறுநீர் கருத்து, கண் மஞ்சளானால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பிணிகள் தொடவே வேண்டாம். இதை அரிஷ்டமாக, அதாவது திரவ மருந்தாக, குடிப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: நொதித்துச் செய்வதால் அதில் இயற்கையாகவே ஆல்கஹால் இருக்கும்.

ஊரிலிருந்து உறவினர் கொண்டுவரும் லேபிள் இல்லாத சூரணமும் பஸ்பமும்தான் எனக்கு அதிகக் கவலை தருபவை. சில தயாரிப்புகளில் ஈயமும் பாதரசமும் இருந்ததாக இங்குள்ள சுகாதார அறிவியல் ஆணையம் எச்சரித்திருக்கிறது. ஈயம் உடம்பில் சேர்ந்தால் என்ன ஆகும்? அசதி, எரிச்சல், தூக்கமின்மை. எதற்காக மருந்து சாப்பிட ஆரம்பித்தோமோ அதே தொல்லை.

வேடிக்கை என்னவென்றால், ஆயுர்வேதத்தில் காசு கொடுக்கத் தேவையில்லாத பகுதியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறோம். உடம்பைத் தாங்கும் மூன்று தூண்களில் ஒன்றாகத் தூக்கத்தைச் சொல்கிறது சரக சம்ஹிதை என்ற பழைய ஆயுர்வேத நூல். நாமோ சாயங்காலம் கோப்பி, பத்து மணிக்குச் சாப்பாடு, படுக்கையில் கைப்பேசி என்று இருந்துவிட்டுச் சூரணத்தைக் குறை சொல்கிறோம். பகல் தூக்கம் கூடவே கூடாது என்பதும் பாதி உண்மைதான். இரவில் விழிக்க நேர்ந்தவர், விழித்த நேரத்தில் பாதியளவு காலையில் சாப்பிடுவதற்கு முன் தூங்கலாம் என்கிறது அஷ்டாங்க ஹிருதயம் என்ற இன்னொரு நூல். இரவு ஷிஃப்ட் முடித்து வருபவர்கள் குற்ற உணர்வில்லாமல் படுக்கலாம்.

மனச்சோர்வு விஷயத்தில் மட்டும் காத்திருந்து பார்க்காதீர்கள். எதிலும் ஈடுபாடில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால், வாதம் கூடிவிட்டது என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். ஏற்கெனவே மனநல மாத்திரை சாப்பிடுபவர்கள் யார் சொன்னாலும் திடீரென நிறுத்தக்கூடாது. உயிரை விடலாம் என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் 1767 எண்ணை அழையுங்கள்; எஸ்ஓஎஸ் (சமாரிட்டன்ஸ் ஆஃப் சிங்கப்பூர்) என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பில் 24 மணி நேரமும் பேச ஆள் இருக்கிறார்கள்.